குதிரையின் தலை தாழும்வரை: செடேஷனும் மயக்கமும், புதியவர்களுக்கு

நாய்க்கும் மாட்டுக்கும் மயக்க மருந்து கொடுத்துப் பழகிய கை, குதிரையிடம் போனதும் தடுமாறும். மருந்துகள் பெரும்பாலும் அதேதான், பிராணிதான் வேறு. பயம் வந்தால் ஓடித் தப்பிப்பதே குதிரையின் இயல்பு. கால் தள்ளாடினாலும், பாதி மயக்கத்தில் இருந்தாலும் எழுந்து ஓடத்தான் பார்க்கும், அந்த வேகத்தில் காலை முறித்துக்கொள்ளும். நீண்ட நேரம் படுத்தே கிடந்தாலோ, அதன் எடையே அடியில் இருக்கும் தசையை நசுக்கிவிடும்.

2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று 41,824 குதிரைகளைக் கணக்கெடுத்தது. முழு மயக்கம் கொடுக்கப்பட்டவற்றில் 7 நாளுக்குள் இறந்தவை 1.9 சதவீதம். கோலிக் (கடும் வயிற்றுவலி) அறுவைகளைக் கழித்துப் பார்த்தாலும் 0.9 சதவீதம். அந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இதயம் நின்றதால் வந்தது. நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை எலும்பு முறிவால் வந்தவை. 2021-இல் வந்த தொடர் ஆய்வின் முதற்கட்டக் கணக்கில் முழு மயக்கத்தில் இறப்பு சுமார் 1 சதவீதமாகக் குறைந்திருந்தது, நின்றபடி செடேஷன் (முழு மயக்கமில்லாமல் அரைத்தூக்கம் தரும் மருந்து) கொடுத்துச் செய்த வேலைகளில் அது 0.2 சதவீதம். நின்றபடியே முடிக்கக்கூடிய வேலைக்குக் குதிரையைக் கிடத்தக் கூடாது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

இந்தக் கட்டுரை தொழிலுக்குப் புதிதாக வந்த கால்நடை மருத்துவர்களுக்கும், மாணவர்களுக்கும், பக்கத்தில் கயிறு பிடித்து நிற்கப்போகும் லாயப் பணியாளர்களுக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வதும் ஊசி போடுவதும் மருத்துவரின் வேலை. எப்போது தொடலாம், எப்போது விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகளை எண்ணிப் பார்த்தால், பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: அவசரம்.

எடை, இதயம், இடம்

கண்ணால் பார்த்து எடை சொல்வதை நம்பாதீர்கள். பெரிய தராசு இல்லாவிட்டால் அளவு நாடா போதும். பிடரி மயிர் முடியும் தோள் மேட்டின் மேலாக, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை இன்னொரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோகிராமில் எடை கிடைக்கும். நெஞ்சளவு 165, நீளம் 145 என்றால் 332 கிலோ வரும். இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகளுக்கெல்லாம் 330 கிலோ குதிரையையே எடுத்துக்கொள்வோம். குட்டிகளுக்கும் நிறைசினைக் குதிரைக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது.

மருந்து ஏறுவதற்கு முன் இதயத்தை ஒரு முழு நிமிடம் கேளுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, 8 முதல் 16 மூச்சு, 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் உடல்வெப்பம். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இவற்றை எழுதி வையுங்கள். கோலிக் குதிரையில் இதை மறக்கவே கூடாது. இதயத் துடிப்பின் வேகம்தான் அங்கே நோயின் கடுமையைக் காட்டும், சைலசின் என்ற தூக்க மருந்தைப் போட்டதும் அந்த எண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

நின்றபடி செய்யும் வேலைக்குப் பட்டினி தேவையில்லை. முழு மயக்கத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் தீவனம் நிறுத்தினால் போதும், தண்ணீரை நிறுத்த வேண்டாம். வாயில் வைக்கோல் துணுக்கு இருக்கும் என்பதால் மயக்கத்துக்கு முன் பெரிய சிரிஞ்சால் வாயைத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் அதெல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

இடம் அமைதியாக இருக்க வேண்டும். மிரண்டு, வியர்த்து, கண் வெள்ளை தெரிய நிற்கும் குதிரைக்கு எந்த அளவு மருந்தும் சரியாக வேலை செய்யாது. உடலில் ஏறியிருக்கும் அட்ரினலின் மருந்தை முறியடித்துவிடும். முதலில் அதை லாயத்துக்குள் விட்டு, பழகிய துணைக் குதிரையைப் பக்கத்தில் நிறுத்தி, கால்மணி நேரம் விடுங்கள். மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்து, நாலு பேர் தொங்கி, ஊசி ஏற்றி, உடனே வேலை ஆரம்பிப்பதுதான் மருந்து வீணாவதற்கு நேர்வழி.

கையில் இருக்கும் மருந்துகள்

அன்றாட வேலையைத் தாங்குபவை ஆல்ஃபா-2 வகை மருந்துகள்: சைலசின், டெடோமிடின், ரோமிஃபிடின். மூன்றும் தூக்கம் தரும், வலியையும் குறைக்கும். மூன்றுமே இதயத் துடிப்பை வெகுவாகக் குறைக்கும். இடையிடையே ஒரு துடிப்பு விடுபடுவதும் உண்டு, ஸ்டெதஸ்கோப்பில் அந்த மௌனத்தைக் கேட்டுப் பதற வேண்டாம், எதிர்பார்த்ததுதான். ரத்த அழுத்தம் முதலில் ஏறும், பிறகு இறங்கும். குடல் இயக்கம் மந்தமாகும். ரத்தச் சர்க்கரை உயரும். ஒரு மணி நேரத்துக்குள் குதிரை நிறையச் சிறுநீர் கழிக்கும், தரை வழுக்கலாகும் என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

சைலசினைக் கழுத்தில் ஓடும் ஜுகுலர் சிரையில் கிலோவுக்கு 0.5 முதல் 1.1 மி.கி. வரை கொடுக்கலாம். 2, 3 நிமிடத்தில் தலை இறங்க ஆரம்பிக்கும், 5 நிமிடத்தில் முழுப் பலன், 20 முதல் 40 நிமிடம் வரை நிற்கும். தசையில் போட்டால் இரு மடங்கு அளவு தேவை, 15 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சைலசின் மி.லி.க்கு 20 மி.கி. புட்டியிலும் வருகிறது, 100 மி.கி. புட்டியிலும் வருகிறது. நம் 330 கிலோ குதிரையைக் கிடத்த 363 மி.கி. வேண்டும், அதாவது 100 மி.கி. புட்டியில் 3.6 மி.லி. அதே 3.6 மி.லி.யை 20 மி.கி. புட்டியிலிருந்து எடுத்தால் உள்ளே போவது 72 மி.கி.தான். குதிரை லேசாகத் தலையைத் தாழ்த்தும், நீங்கள் நம்பிக்கையாகக் கிடத்தும் மருந்தான கெட்டமினை ஏற்றுவீர்கள், அடுத்து நடப்பது பயங்கரமாக இருக்கும். புட்டியின் எழுத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு ஊசியைச் செருகுங்கள்.

டெடோமிடின் மிகச் சக்திவாய்ந்தது, அளவு மைக்ரோகிராமில் பேசப்படும். கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். மி.லி.க்கு 10 மி.கி. உள்ள மருந்தில் 330 கிலோ குதிரைக்கு 0.33 மி.லி.யிலிருந்து 0.66 மி.லி. வரை. 10 மி.லி. சிரிஞ்சில் இதை அளக்க முடியாது, 1 மி.லி. சிரிஞ்ச் எடுங்கள். பலன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஊசிக்கே நெருங்கவிடாத குதிரைக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜெல் இருக்கிறது: கிலோவுக்கு 40 மைக்ரோகிராம், 40 நிமிடக் காத்திருப்பு. விழுங்கிவிட்டால் பலன் பெருமளவு போய்விடும். கையுறை இல்லாமல் ஜெல்லைத் தொடக்கூடாது, தோல்வழியாக மனிதருக்குள்ளும் இறங்கும். டெடோமிடின் கொடுத்த குதிரைக்கு ட்ரைமெத்தோப்ரிம் கலந்த சல்ஃபா மருந்தைச் சிரையில் போடாதீர்கள். உயிரைப் பறிக்கும் இதயத் தாளக்கேடு வரும்.

ரோமிஃபிடின் கிலோவுக்கு 40 முதல் 120 மைக்ரோகிராம். மற்ற இரண்டையும்விடத் தள்ளாட்டம் குறைவு. அதனால் லாடம் அடிப்பது போன்ற, ஒரு காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு ஏற்றது.

அசெப்ரோமசின் வேறு ரகம். பதற்றத்தைத் தணிக்கும், வலியைத் துளியும் குறைக்காது. கிலோவுக்கு 0.02 முதல் 0.05 மி.கி. சிரையில் போட்டாலே 15, 20 நிமிடம் ஆகும், தசையில் அரை மணிக்கு மேல். பலர் பத்து நிமிடத்தில் "வேலை செய்யல" என்று இன்னொரு ஊசி போடுகிறார்கள். அளவைக் கூட்டினால் தூக்கம் அவ்வளவாகக் கூடாது, நேரம்தான் நீளும். ரத்தக்குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கும் மருந்து என்பதால் ரத்தம் இழந்த, நீர்வற்றிய, அதிர்ச்சியில் இருக்கும் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. பொலிகுதிரையில் ஆண்குறி வெளியே தொங்கி உள்ளே இழுக்க முடியாமல் போகும் அபாயம் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் நிரந்தரமாகலாம். இனவிருத்திக்கு வைத்திருக்கும் குதிரைக்கு வேறு மருந்து இருக்கும்போது இது எதற்கு?

பியூட்டர்ஃபனால் என்ற வலிநிவாரணி தனியாக நிற்கும் மருந்தில்லை. ஆல்ஃபா-2 ஏறித் தலை தாழ்ந்த பிறகு கிலோவுக்கு 0.01 முதல் 0.02 மி.கி. சேர்த்தால் தொடுகைக்குக் குதிரை துள்ளுவது குறையும். முதலில் இதைக் கொடுத்தால் தலையை வெட்டி வெட்டி இழுக்கும், லாயத்துக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

கோவேறு கழுதைகளுக்கு ஆல்ஃபா-2 அளவு குதிரையைவிட ஏறத்தாழ பாதிப் பங்கு கூடுதலாக வேண்டியிருக்கும். கழுதைகள் கெட்டமினைச் சீக்கிரம் கரைத்துவிடும், ஆகவே மயக்கம் சட்டென்று தெளியும். கனத்த பாரவண்டி இனங்களுக்கு மாறாகக் குறைந்த அளவே போதும். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளுக்கு ஆல்ஃபா-2 தவிர்த்து டயஸெபம், மிடஸோலம் வகைத் தூக்க மருந்துகள்தான் பாதுகாப்பு.

ஜுகுலர் சிரையில் ஊசி

புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. கழுத்துப் பள்ளத்தில் ஜுகுலர் சிரை மேலாக ஓடுகிறது, அதன் அடியிலேயே கரோடிட் தமனி. கழுத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இரண்டுக்கும் நடுவே ஒரு தசைப்பட்டை இருக்கிறது. கீழே வர வர அந்தத் தடுப்பு இல்லாமல் போகும். அதனால் ஊசி எப்போதும் மேல்பகுதியில்தான்.

1. குதிரையின் தலை நேராக, சற்று உயர்ந்து இருக்கட்டும். பிடிப்பவரும் நீங்களும் ஒரே பக்கம் நில்லுங்கள். எதிரெதிர்ப் பக்கம் நின்றால் குதிரை ஒருவரிடமிருந்து விலகி மற்றவர் மேல் பாயும்.

2. ஊசி குத்தும் இடத்துக்குக் கீழே பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சிரை கயிறுபோல் புடைக்கும். விரலை எடுத்தால் அடங்கும். இரண்டு முறை செய்து பார்த்து நிச்சயப்படுத்துங்கள்.

3. 18 கேஜ், 38 மி.மீ. ஊசியைச் சிரிஞ்ச் இல்லாமல் தனியாகக் குத்துங்கள், அடிவரை உள்ளே போகட்டும். கட்டைவிரல் அழுத்தம் இருக்கும்வரை கருஞ்சிவப்பு ரத்தம் சொட்டும், விட்டதும் நிற்கும். பளிச்சென்ற சிவப்பில், துடித்துத் துடித்து, விரலை விட்ட பிறகும் வந்தால் அது தமனி. வெளியே எடுத்து, சில நிமிடம் அழுத்திப் பிடித்து, கழுத்தின் மறுபக்கம் போங்கள். மெல்லிய 20, 22 கேஜ் ஊசியில் இந்த வித்தியாசம் தெரியாது, தமனியிலிருந்தும் சொட்டாகவே வரும். ஊசி மெலிந்தால் குதிரைக்கு வலி குறையும் என்று நினைத்து அதை எடுக்கக் கூடாது.

4. சிரிஞ்சை மாட்டி ரத்தம் இழுத்துப் பாருங்கள், மெதுவாக ஏற்றுங்கள், பாதியில் இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். குதிரை தலையை ஆட்டியிருந்தால் மறுபடியும் பாருங்கள்.

தமனிக்குள் போனால் மருந்து நேரே மூளைக்குப் போகிறது. சிரிஞ்ச் காலியாகும் முன்பே கூடக் குதிரை தலையைத் தூக்கி, பின்பக்கம் சாய்ந்து, விழுந்து, வலிப்பில் கால்களை அடிக்கும். அப்போது எல்லோரும் விலக வேண்டும். அடங்கிய பிறகுதான் நெருங்கித் தலைக்கு மெத்தை வைத்து, சிரையில் டயஸெபம் கொடுத்து வலிப்பை நிறுத்தப் பார்க்கலாம்.

ஊசி மூடியை வாயில் கடித்துக் கழற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த மருந்துகள் வாயின் உட்சவ்வு வழியாகவும் ஏறும். தவறிக் கையில் குத்திக்கொண்டால் மருந்தின் பெயர் எழுதிய புட்டியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும், வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.

நின்றபடி வேலை

மருந்து ஏற்றியதும் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் யாரும் தொட வேண்டாம், பேச வேண்டாம். தலை முழங்கால் மட்டத்தை நோக்கி இறங்கும். கீழுதடு தொங்கும். காதுகள் பக்கவாட்டில் சரியும். கால்களை அகட்டி நிற்கும். காதுக்குள் விரலால் லேசாக வருடினால் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் இன்னும் பொறுங்கள், பிறகும் போதாவிட்டால் முதல் அளவில் பாதியைச் சேருங்கள். இரண்டு முறை சேர்த்தும் அடங்காத குதிரையை அன்று விட்டுவிடுவதே நல்லது.

தலை தொங்கும் குதிரை உதைக்காது என்று யாரும் நம்ப வேண்டாம். ஆல்ஃபா-2 மயக்கத்தில் இருக்கும் குதிரை எந்த அறிகுறியும் காட்டாமல், குறி தப்பாமல் பின்னங்காலால் உதைக்கும். உடலைத் தொடும்போது தோளில் கை வைத்து, கையை எடுக்காமலே பின்னால் நகர்த்திக்கொண்டு போங்கள். திடீர்த் தொடுகையும் திடீர்ச் சத்தமும்தான் அதை எழுப்பும். காதில் பஞ்சு வைத்தால் நல்ல பலன் தரும். பல் வேலைபோல் நீண்ட நேரம் ஆகுமானால் தலையைத் தாங்கியில் ஏற்றி வையுங்கள். தொங்கவிட்ட தலையில் மூக்கின் உள்சவ்வு வீங்கும், குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது.

செடேஷன் தையல் வலியை முழுதாக மறைக்காது. வெட்டும் இடத்தில் மரத்துப்போகவைக்கும் 2% லிடோகெய்ன் போட்டே ஆக வேண்டும். லிடோகெய்ன் நன்றாக வேலை செய்தால் மேலே ஏற்றும் மருந்து பாதியாகக் குறையும்.

தெளியும்வரை வைக்கோல், தீவனம் எதுவும் கிடைக்கக் கூடாது. அரைத்தூக்கத்தில் மென்று விழுங்கினால் உணவுக்குழாய் அடைத்துக்கொள்ளும். படுக்கைக்கே வைக்கோல் போட்ட லாயமானால் வாய்க்கூடை மாட்டுங்கள். வண்டியிலும் ஏற்றாதீர்கள்.

கிடத்துதல்

குறுகிய அறுவைக்கு, உதாரணமாக விதையடிப்புக்கு, உலகம் முழுக்கப் பயன்படுவது சைலசினும் கெட்டமினும்தான். 15 முதல் 20 நிமிட வேலை நேரம் கிடைக்கும். பலநாடுகளில் கெட்டமின் கணக்கு வைத்துப் பூட்டி வைக்க வேண்டிய மருந்து.

இடம்: புல் உள்ள சமதரை, கல், கம்பி, பள்ளம் எதுவும் இல்லாமல். சுவரிலிருந்து தள்ளி. சிரையில் 14 கேஜ் கதீட்டர் (சிரைக்குள்ளேயே இருக்கும் மெல்லிய குழாய்) போட்டுத் தைத்துவிடுங்கள். மயங்கிய பிறகு மருந்து தேவைப்படும் நேரத்தில் சிரையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கூடுதல் மருந்து, அட்ரினலின் எல்லாம் முன்பே சிரிஞ்சில் ஏற்றிப் பெயர் எழுதித் தட்டில் இருக்க வேண்டும்.

சைலசின் கிலோவுக்கு 1.1 மி.கி. சிரையில் கொடுத்து 3 முதல் 5 நிமிடம் நில்லுங்கள். இதுதான் கட்டுரையின் மிக முக்கியமான நிமிடங்கள். மூக்குநுனி முழங்காலுக்கு இறங்கி, கைதட்டினாலும் தலை ஏறாமல், கால்கள் பின்னத் தொடங்கும்வரை கெட்டமின் சிரிஞ்சைக் கையில் எடுக்காதீர்கள். கெட்டமின் குதிரையைத் தனியாக மயக்காது, தசைகளை விறைக்கவைத்து வெறியேற்றும். சைலசினின் பாய்விரிப்பு மேல்தான் அது அமைதியாக இறங்கும். தலை தாழவில்லையா, சைலசினைப் பாதி அளவு சேர்த்து மறுபடி காத்திருங்கள். அப்போதும் தாழவில்லையா, கெட்டமினைப் புட்டியிலேயே விட்டுவிட்டு வேறு நாள் பாருங்கள்.

தலை தாழ்ந்ததும் கெட்டமின் கிலோவுக்கு 2.2 மி.கி., நம் குதிரைக்கு 726 மி.கி., 100 மி.கி. மருந்தில் 7.3 மி.லி., ஒரே மூச்சில் ஏற்றுங்கள். டயஸெபம் கிலோவுக்கு 0.05 மி.கி., அதாவது 16.5 மி.கி., சேர்த்துக் கொடுத்தால் தசை தளர்ந்து விழுகை மென்மையாகும். ஒரு நிமிடம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு குதிரை பின்னுக்கு ஓரடி வைக்கும், பின்பக்கம் தாழும், நாய்போல் உட்கார்ந்து ஒருபுறம் சரியும். கயிறு பிடிப்பவர் தலைக்கு முன்னால் நின்று முன்னே பாயாமல் தடுத்தால் போதும். மற்றவர்கள் ஐந்தடிக்கு அப்பால்.

மூன்று நிமிடமாகியும் விழவில்லையானால் மருந்து சிரைக்கு வெளியே போயிருக்கலாம். கதீட்டரைச் சரிபார்த்துக் கெட்டமினில் பாதி அளவை மறுபடி கொடுக்க வேண்டும். நிற்கும் குதிரையைத் தள்ளி விழவைக்கக் கூடாது.

விழுந்தவுடன் மூன்று வேலை. ஹால்டரை (தலையில் மாட்டிய வாரை) கழற்றுங்கள், கொக்கி முகநரம்பை நசுக்கினால் உதடு ஒருபக்கம் கோணிப்போகும். மேல்கண்ணைத் துணியால் மூடுங்கள், கீழ்க்கண் தரையில் உரசாமல் தலைக்கு மெத்தை வையுங்கள். தரையை ஒட்டிய முன்னங்காலை முன்னோக்கி இழுத்து வையுங்கள், மேல்கால்களை மூட்டைமேல் தாங்கிக் கிடைமட்டமாக்குங்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பினால் தோளின் அடியில் நரம்பும் தசையும் நசுங்கி, எழுந்த பிறகு முழங்கை தொங்கி, அந்தக் காலில் எடை போட முடியாமல் நிற்கும்.

விதையடிப்பானால் ஒவ்வொரு விதைக்குள்ளும் 10 முதல் 15 மி.லி. 2% லிடோகெய்ன். விதைவடத்தை இழுக்கும் நொடியில் குதிரை கால் உதறுவது பெரும்பாலும் இதை விட்டதால்தான்.

கிடக்கும் நேரத்தில்

ஒருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து வேறு எந்த வேலையும் பார்க்காமல் குதிரையை மட்டும் கவனிக்க வேண்டும். தாடையெலும்பின் அடியில் துடிக்கும் முகத்தமனியில் விரல் வைத்து நாடி, மார்பைப் பார்த்து மூச்சு, ஈறின் நிறம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை காகிதத்தில். கெட்டமினில் கண் திறந்தே இருக்கும், இமை தொட்டால் அசையும், கண்ணீர் வரும். அதைப் பார்த்து விழித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கண்விழி பக்கவாட்டில் வேகமாக ஆடத் தொடங்குவதும், கழுத்துத் தசை இறுகுவதும், மூச்சு வேகமாவதும்தான் எழப்போகும் அறிகுறி. அப்போது சைலசினும் கெட்டமினும் முதல் அளவில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை சிரையில். கண்விழி நடுவில் அசையாமல் நின்று, பாவை விரிந்து, இமை முற்றிலும் அசையாவிட்டால் மயக்கம் ஆபத்தான ஆழத்துக்குப் போய்விட்டது.

கெட்டமினுக்குப் பிறகு மூச்சைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விடுவது உண்டு. ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சே இல்லாவிட்டால் காதை முறுக்குங்கள், விலாவை அழுத்தி விடுங்கள், மூச்சுக்குழாய் போட்டு ஆக்சிஜன் கொடுங்கள். நாடி நின்றுவிட்டால் நெஞ்சை முழங்காலால் விழுந்து விழுந்து அழுத்துவதோடு அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி., 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள மருந்தில் 3.3 மி.லி., சிரையில்.

அரை மணி முதல் ஒரு மணி வரை தேவைப்பட்டால் மூன்று மருந்துச் சொட்டு: தசை தளர்த்தும் 5% குவைஃபெனெசின் 1 லிட்டரில் சைலசின் 500 மி.கி., கெட்டமின் 1,000 மி.கி. கலந்து, கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி. 330 கிலோவுக்கு உயர்ந்த வேகம் நிமிடத்துக்கு 11 மி.லி., 20 சொட்டு 1 மி.லி. வரும் குழாயில் வினாடிக்கு ஏறத்தாழ 4 சொட்டு. குவைஃபெனெசின் சிரைக்கு வெளியே கசிந்தால் திசுவைக் கருக்கும், செறிவு கூடினால் ரத்த அணுக்கள் உடையும். ஒரு மணியைத் தாண்டினால் உடலில் தேங்கும், எழும்போது கால் நிற்காது. அதற்குமேல் நீளும் அறுவை, ஐசோஃபுளூரேன் மயக்க வாயுவும் ஆக்சிஜனும் ரத்த அழுத்தக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உரியது. அங்கே சராசரி ரத்த அழுத்தத்தை 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகவிடாமல் இதயத்தை ஊக்கும் டோபுடமினால் தாங்குவார்கள். அதற்குக் கீழே இறங்கினால் நசுங்கிய தசைக்கு ரத்தம் எட்டாது.

எழும் நேரம்

அறுவை முடிந்ததும் மூச்சுவிடுவார்கள், பேச்சு எழும், ஆட்கள் நகர்வார்கள். குதிரைக்கோ மிக ஆபத்தான பகுதி அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சத்தத்தை அடக்குங்கள். கண் மூடிய துணியை எடுக்காதீர்கள். ஒருவர் முதுகுப்பக்கமாக இருந்து, கால்கள் வீசும் வட்டத்துக்கு வெளியே, கழுத்தின் மேல் கை வைத்துத் தலையைத் தாழ்த்திப் பிடிக்கட்டும். குதிரை எழத் தலையைத்தான் முதலில் தூக்கும், தலை எழாவிட்டால் உடல் எழாது. முதல் முயற்சியில் விட்டால் தள்ளாடி விழும். பத்து நிமிடம் கூடுதலாகக் கிடந்தால் ஒரே முயற்சியில் நிற்கும்.

மயக்கம் முறிக்கும் அட்டிபமெசோல், யோஹிம்பின் பெட்டியில் இருக்கட்டும், வழக்கமாக எடுக்க வேண்டாம். கெட்டமின் கரையும் முன் சைலசினை முறித்தால், அடியில் இருந்த அமைதி போய் வெறி மட்டும் மிஞ்சும்.

குதிரை புரண்டு நெஞ்சின் மேல் குந்தி, மூச்சை நிதானித்து, முன்னங்கால்களை நீட்டி, பிறகு எழும். குந்தியிருக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்குவதும், தட்டி எழுப்புவதும் கூடாது. எழும் நொடியில் மட்டும் கழுத்துக்கயிறும் வாலும் தாங்கலாம், பழகியவர்கள் இருந்தால். குறட்டைபோல் கரகரவென்று மூச்சு வந்தால் மூக்குச் சவ்வு வீங்கியிருக்கிறது. ஒரு மூக்குத்துளையில் குழாய் விட்டுப் பொருத்தி, நிற்கும்வரை எடுக்காதீர்கள்.

நின்ற பிறகும் ஒரு மணி நேரம் தனியாக, நிழலில், நடக்கவைக்காமல். தலை இயல்பான உயரத்துக்கு வந்து, அழைத்தால் காதைத் திருப்பினால் தண்ணீர். அதன்பின் நனைத்த வைக்கோல், கைப்பிடி கைப்பிடியாக. முதல் சாணம் 12 மணி நேரத்துக்குள் விழுந்ததா என்று லாயக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விழவில்லையென்றாலோ, குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, அன்றிரவே மருத்துவர் திரும்ப வர வேண்டும்.